ஓட்டையில்லாத தார்ப்பாயின் கீழ் நனைந்த நால்வர்: அழகர்மலை அடிவாரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை இரவு, மதுரை–நத்தம் சாலையை ஒட்டிய ஒரு தனியார் மாந்தோப்பில் ஆறு பேர் தார்ப்பாய்க் கூடாரம் கட்டித் தங்கினார்கள். எல்லோரும் மதுரையில் ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்கள். இரவு பதினொரு மணி வாக்கில் மலைப்பக்கமிருந்து காற்று கிளம்பி, பின்னாலேயே மழை பிடித்தது. ஒன்றரை மணி நேரம் அடித்து ஓய்ந்தபோது நான்கு பேர் படுக்கையோடு ஊறிப்போயிருந்தார்கள். நடுவில் படுத்த இருவருக்குக் கால்மாட்டில் மட்டும் ஈரம். தார்ப்பாய் அந்த வாரம்தான் வாங்கியது. கிழியவில்லை, காற்றில் பிடுங்கிக்கொள்ளவில்லை, கயிறும் அறவில்லை.

அந்தக் குழுவில் மூத்தவர் எனக்கு மைத்துனர். விடிந்ததும் போன் செய்தார். “மச்சான், புதுத் தார்ப்பாய் ஒழுகுது. கடையில ஏமாத்திட்டாங்க” என்றார். “எதையும் பிரிக்காதீங்க மாப்ள, அப்படியே கிடக்கட்டும். வந்து பாக்குறேன்” என்றேன். எட்டு மணிக்குள் நான் போய்ச் சேர்ந்தபோது பாய்கூடச் சுருட்டப்படவில்லை. அதனால்தான் இந்த ஆய்வைச் செய்ய முடிந்தது. பொதுவாக நனைந்தவர்கள் முதலில் செய்வது எல்லாவற்றையும் பிரித்து வெயிலில் போடுவது. காரணமும் அதோடு போய்விடும்.

இடமும் கட்டிய விதமும்

அழகர்மலையின் மேற்குச் சரிவு இறங்கி முடிகிற இடத்தில் தோப்பு இருக்கிறது. மலை காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இரவு தங்க முடியாது. அடிவாரத்துத் தோப்புகளில் உரிமையாளர் சம்மதித்தால் தங்கலாம். மாங்காய் சீசன் முடிந்த ஐப்பசியில் தோப்பில் காவல்காரரைத் தவிர ஆள் இருக்காது.

கூடாரம் கட்டத் தோப்புக்குள் இருந்த பழைய களத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு காலத்தில் கடலையும் எள்ளும் காயப்போட்ட இடம். கல் இல்லை, முள் இல்லை, மேடுபள்ளம் இல்லை. மாலை வெளிச்சத்தில் எடுத்த போட்டோவில் பார்த்தால் யாருக்கும் அங்கேதான் படுக்கத் தோன்றும். களத்தின் கிழக்கோரத்தில் ஒரு பெரிய மாமரம், மேற்கில் ஒரு வேப்பமரம். இரண்டுக்கும் நடுவே நைலான் கயிற்றை ஐந்தடி உயரத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் 12க்கு 15 அடித் தார்ப்பாயைப் போட்டு, வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு சரிவாக இறக்கியிருந்தார்கள். சரிவின் ஓரம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நின்றது. உள்ளே குனிந்து நுழையச் சௌகரியம், காற்றும் வரும் என்று அப்படி.

தரைக்குப் பழைய ஃபிளெக்ஸ் பேனர், பன்னிரண்டு அடி அகலம். அதன்மேல் நான்கு பேருக்கு ஜமுக்காளம். மற்ற இருவர் யோகா மேட் கொண்டுவந்திருந்தார்கள், அவர்கள் நடுவில். எல்லோரும் மேற்கே தலைவைத்து, கிழக்கே கால் நீட்டி வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். தலைமாட்டில் பைகள், அடுப்பு, தண்ணீர் கேன். இந்தச் சாமான்கள் மேற்குப் பக்கத்தை அடைத்துக்கொண்டதால், ஆட்கள் கிழக்கு வாசலை நோக்கித் தள்ளப்பட்டார்கள். இது அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

தார்ப்பாய்மேல் விழுந்த பழி

முதலில் தார்ப்பாயையே சோதித்தோம். நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்துக்கொள்ள, நடுவில் தொப்பை விழும்படி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். கால் மணி நேரம் அப்படியே நின்றார்கள். அடியில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தால் சில்லென்று இருந்தது, ஈரம் ஒட்டவில்லை. ஓரத்து வளையங்களைச் சுற்றியும் கசிவு இல்லை. கடைக்காரர் நல்ல சரக்கைத்தான் கொடுத்திருக்கிறார்.

உட்புறம் வியர்த்துச் சொட்டியிருக்குமோ என்றும் ஒருவர் கேட்டார். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் அது நடக்கும். ஆறு பேரின் மூச்சில் இருக்கும் ஈரமெல்லாம் குளிர்ந்த தார்ப்பாயில் முத்து முத்தாக நிற்கும். ஆனால் இங்கே இரண்டு வாசலும் திறந்து, காற்று வீசிய இரவு. ஜமுக்காளத்தைப் பிழிந்தால் ஓடுகிற அளவுக்கு வியர்வை வராது.

அப்படியானால் தண்ணீர் எவ்வளவு வந்தது? வெளியே மூடியில்லாமல் கிடந்த எவர்சில்வர் டப்பாவில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பக்கச் சுவர் நேராக உள்ள பாத்திரத்தில் நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழையளவு. நான்கு சென்டிமீட்டர், அதாவது 40 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இரண்டு சரிவும் சேர்ந்து தரையில் மூடிய பரப்பு சுமார் 14 சதுர மீட்டர். ஆக, அந்த ஒன்றரை மணி நேரத்தில் தார்ப்பாய் வாங்கி இரண்டு ஓரங்களிலும் இறக்கிய தண்ணீர் 500 லிட்டருக்கும் மேல். மொட்டைமாடியில் இருக்கும் ஒரு சின்டெக்ஸ் தொட்டியை உங்கள் படுக்கையின் இரு பக்கமும் பாதிப் பாதியாகக் கவிழ்த்தது போல.

தார்ப்பாய் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அது இறக்கிவிட்ட தண்ணீர் அப்புறம் எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்பது என் முடிவு. அடித்தளம் தைத்த கூடாரத்தில் இந்தக் கேள்வியைத் தையல்காரர் உங்களுக்காகத் தீர்த்துவைத்திருப்பார். வெறும் தார்ப்பாயில் அதைக் கட்டுகிறவர்தான் தீர்க்க வேண்டும்.

காலையில் தரை சொன்னவை

ஃபிளெக்ஸ் பன்னிரண்டு அடி. இரண்டு சரிவின் ஓரங்களுக்கும் நடுவே இருந்த அகலம் பத்தடிக்குச் சற்று மேல். அதாவது இருபுறமும் முக்கால் அடிக்கு ஃபிளெக்ஸ் கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செருப்பு வைக்க இடம் வேண்டுமே என்று வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள். வடக்கு ஓரத்தில் கூரைத் தண்ணீர் விழுந்த கோடு ஃபிளெக்ஸ் மேலேயே மண் கறையாகப் பதிந்திருந்தது. களம் பார்வைக்குச் சமம். ஆனால் ஒரு பாட்டில் தண்ணீரைச் சாய்த்துப் பார்த்தபோது நேராகத் தெற்கே ஓடியது. மழைத்தண்ணீரும் அதைத்தான் செய்திருக்கிறது: வடக்கு ஓரத்தில் ஃபிளெக்ஸில் விழுந்து, வழவழப்பில் சறுக்கி, படுத்திருந்தவர்களின் அடியில் புகுந்து தெற்கே போயிருக்கிறது.

தெற்கே போய் வெளியேறவும் இல்லை. ஃபிளெக்ஸ் காற்றில் பறக்காமல் இருக்கத் தெற்கு ஓரத்தை மேலே மடக்கி வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். அது நல்ல அணையாகிவிட்டது. காலை எட்டு மணிக்கும் அந்த மடிப்பில் விரற்கடை உயரத்துக்குச் செம்மண் தண்ணீர் தேங்கி, அதில் ஒரு செருப்பு மிதந்துகொண்டிருந்தது. வடபுறத்து இருவர் தண்ணீர் நுழைந்த வழியிலும், தென்புறத்து இருவர் அது தேங்கிய இடத்திலும் படுத்திருந்தார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு அடியிலும் அதே தண்ணீர்தான் ஓடியிருக்கிறது. யோகா மேட் தண்ணீரை உறிஞ்சாது, ஜமுக்காளம் உறிஞ்சும். வித்தியாசம் அவ்வளவே.

கூரைத் தண்ணீர் மட்டுமல்ல, மேலிருந்து ஓடிவந்த தண்ணீரும் சேர்ந்திருந்தது. களத்தின் வடக்கே ஒரு வண்டித்தடம் சரிவாக இறங்கி நேராகக் களத்தில் முடிகிறது. தடத்தின் வாயில் மாஞ்சருகுகள் பிறை வடிவில் ஒதுங்கிக் கிடந்தன. அதற்குக் கீழே நுண்மணல் வரி வரியாகப் படிந்திருந்தது. இதில் பழைய சருகும் இருந்தது, நிறம் மங்கி மண்ணோடு ஒட்டியது. போன மழையிலும் தண்ணீர் இதே வழியில்தான் வந்திருக்கிறது. முந்தின நாள் மாலை அந்தத் தடத்தில் இருபது அடி நடந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

களத்து மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிதிபட்டு இறுகிய செம்மண்ணில் மேலே மெல்லிய பொருக்கு கட்டிவிடும். கொஞ்ச நாள் காய்ந்து பெய்கிற மழை அதற்குள் இறங்காது, மேலாகவே வழிந்து ஓடும். ஒரு குடம் தண்ணீரைக் களத்தில் ஊற்றினேன். நான்கு எட்டு தூரம் ஓடியது. அதே குடத்தை மேற்கே சற்றுத் தள்ளி, புல் முளைத்த மணல்கலந்த மண்ணில் ஊற்றினேன். நின்ற இடத்திலேயே உள்ளே இறங்கியது. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் கதை வேறு. அங்கே காய்ந்த வெடிப்பு முதலில் தண்ணீரைக் குடிக்கும், பிறகு மண் உப்பி அடைத்துக்கொண்டு சேறாக நிற்கும். அடித்த முளை நிற்காது. எங்கே தங்கினாலும் இந்த ஒரு குடம் தண்ணீர்ச் சோதனையைப் படுக்கை விரிக்கும் முன் செய்யுங்கள். வேறெதற்கும் நேரமில்லை என்றாலும் இதைச் செய்யுங்கள்.

பைகளின் பக்கவாட்டில் ஒன்றரை அடி உயரம்வரை சேற்றுப் புள்ளிகள். இரண்டடி உயர ஓரத்திலிருந்து தாரையாக விழுந்த தண்ணீர் இறுகிய தரையில் மோதிச் சிதறியதன் அடையாளம். புல்தரையில் இவ்வளவு தெறிக்காது.

கயிறும் தன் பங்கைச் செய்திருந்தது. மழை மாமரத்து அடிமரத்தில் வழிந்து, கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து, நடுவில் இருந்த முடிச்சில் சொட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழே இருந்த பையில் ஒரு வட்ட ஈரம். இதைத்தான் “கூரை ஒழுகுது” என்று இருட்டில் நினைத்திருக்கிறார்கள். நைலான் நனைந்தால் தளரும் என்பதால் கூரையின் உச்சியும் இறங்கி, தென்சரிவில் ஒரு தொப்பை விழுந்திருந்தது.

காவல்காரரின் சாய்ப்பு

களத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் தோப்புக் காவல்காரர் படுத்திருந்தார். அவருடையது வெளுத்துப்போன பழைய தார்ப்பாய், மூன்று இடத்தில் ஒட்டு. கிழக்கு ஓரத்தைத் தரையோடு முளையடித்து இறக்கி, மேற்கு ஓரத்தை இரண்டு கம்பில் தூக்கிய ஒற்றைச் சாய்ப்பு. அந்தத் தார்ப்பாய் நிஜமாகவே ஒழுகியது. ஒழுகுகிற மூலையில் ஒரு அலுமினியச் சட்டியை வைத்துவிட்டு மறுபக்கம் தூங்கியிருக்கிறார். காலையில் அவருடைய போர்வை மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

“மழ வந்தா மலப்பக்கமிருந்துதான் தம்பி அடிக்கும். அந்தப் பக்கம் வாயத் தொறந்து வைக்கக் கூடாது” என்றார் என் மைத்துனரிடம். கிழக்கே திறந்து கிடந்த வாசல் வழியாகத்தான் நடுவில் படுத்தவர்களின் கால்கள் நனைந்தன. அவர் சொன்னது அந்தத் தோப்புக்கும் அந்தப் பருவத்துக்கும் சரி; கிழக்கிலிருந்து கொண்டல் வீசும் மாதங்கள் அவை. ஆடியில் மேல்காற்று சுழற்றும்போதும், சித்திரை, வைகாசியில் இடிமழை திசை மாறி மாறி அடிக்கும்போதும் அதே சாய்ப்பு அவரை நனைத்துவிடும். ஒற்றைச் சாய்ப்புக்கு முதுகு ஒரு பக்கம்தான்.

ஆனால் என்னை நிறுத்திவைத்தது அவருடைய கயிற்றுக் கட்டிலின் அடி. அங்கே தண்ணீர் ஓடிய தடம் களத்தில் பார்த்ததைவிட ஆழமாக இருந்தது. அவர் தரையைக் காயவைக்க முயலவே இல்லை. தண்ணீர் போகிற வழியில் குறுக்கே நிற்காமல், அதற்கு ஒன்றரை அடி மேலே படுத்திருந்தார். நம் ஆட்கள் விரித்த ஃபிளெக்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்ற எண்ணத்தில் விரித்தது; நடந்ததோ தண்ணீரைப் பிடித்துவைத்தது. கட்டில் கிடைக்கிற தோப்பில் கட்டிலைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தரைவிரிப்பும் அதற்கு ஈடாகாது.

ஈரத்தைவிடப் பெரிய இரண்டு விஷயங்கள்

மழை தொடங்கும் முன்பே இடி கேட்டிருக்கிறது. அப்போதும் மழை முழுவதும் இவர்கள் களத்தோரத்துப் பெரிய மாமரத்தில் கட்டிய கயிற்றின் கீழே இருந்தார்கள். அவர்கள் வந்த வேன் நூறு அடி தூரத்தில் நின்றது. இடி காதில் விழுகிறது என்றால் மின்னல் விழக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறீர்கள். தார்ப்பாய் அதற்கு எந்தப் பாதுகாப்பும் தராது, உயரமான தனிமரத்தின் அடி அதைவிட மோசம். கண்ணாடியை ஏற்றிவிட்ட வேன் அல்லது கான்கிரீட் கட்டடம், இரண்டில் ஒன்றுக்குப் போய், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்ப வேண்டும். பக்கத்தில் மின்னல் விழுகிறதா என்று காட்டும் தாமினி செயலியைப் போனில் வைத்துக்கொள்வது நல்லது. இதைக் காவல்காரரிடமும் சொன்னேன். அவருடைய சாய்ப்பும் ஒரு புளியமரத்தடியில்தான் இருந்தது. கேட்டுக்கொண்டார், மோட்டார் ரூம் சாவியை உரிமையாளரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

இன்னொன்று, ஃபிளெக்ஸைத் தூக்கியபோது அடியிலிருந்து சாண் நீளப் பூரான் ஒன்று வெளியே ஓடியது. மழை இரவில் ஊர்வனவும் காய்ந்த இடம் தேடும். தரையில் தூங்குகிறவர்களுக்கு நம் பக்கத்தில் பெரிய ஆபத்து கட்டுவிரியன். இரவில்தான் நடமாடும். கடித்த இடத்தில் பெரிய வலியோ வீக்கமோ இல்லாமல் போகலாம்; பிறகு வயிறு வலிக்கும், கண் இமை தானாக இறங்கும். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டால் மூச்சு நின்றுபோகும். சந்தேகம் வந்தாலே 108. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும். மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்கக் கூடாது. அடித்தளம் இல்லாத கூடாரத்தில் கொசுவலையை மேலிருந்து தொங்கவிட்டு, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுவது கொசுவுக்கு மட்டுமான ஏற்பாடு இல்லை.

மாற்றிக் கட்டியது

அதே ஆட்கள், அதே தார்ப்பாய், அதே தோப்பு. கார்த்திகை தொடக்கத்தில் திரும்பக் கட்டினோம். வானிலை அறிக்கையில் இரவு மழைக்கு வாய்ப்பு என்று போட்டிருந்தது, இடிமழை எச்சரிக்கை இல்லை.

களத்தை விட்டு, குடத்துத் தண்ணீரை உடனே குடித்த அந்தப் புல்மேட்டுக்கு மாறினோம். பெரிய மரங்களை விட்டு விலகி, இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, உச்சிக்கயிற்றை வடக்கு தெற்காக ஓட்டினோம். இப்போது மலைப்பக்கத்துக்குச் சரிவு முகம் கொடுக்கும், வாசல் இல்லை. உச்சியை நான்கடிக்குக் குறைத்தோம். கிழக்குச் சரிவின் ஓரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினோம். மேற்கு ஓரத்தைக் காற்றுக்காகக் கொஞ்சம் தூக்கிவிட்டோம். முளைகளை ஒன்றரை அடி நீளத்தில் வெட்டி, கயிறு இழுக்கும் திசைக்கு எதிராகச் சாய்த்து அடித்து, மேலே கல் வைத்தோம். உச்சிக்கயிறு தார்ப்பாய்க்குள் நுழையும் முன்பே, இரு முனையிலும் ஒரு துணித் திரியைக் கட்டித் தொங்கவிட்டோம். கயிற்றோடு வரும் தண்ணீர் அந்தத் திரி வழியே வெளியேயே சொட்டிவிடும். படுக்கப் போகுமுன் எல்லாக் கயிறும் ஒரு முறை இழுத்து இறுக்கப்பட்டது.

ஃபிளெக்ஸ்தான் பெரிய மாற்றம். சரிவின் ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே முடியும்படி அதை மடித்தோம். நான்கு ஓரத்தையும் உள்ளே மூங்கில் குச்சி வைத்துச் சுருட்டி, மூன்று விரற்கடை உயரத்துக்கு விளிம்பு எழுப்பினோம். அடியில் வைக்கோல் பரப்பலாமா என்று ஒருவர் கேட்டார். பூரானுக்கும் தேளுக்கும் வீடு கட்டிக் கொடுத்ததாகும் என்பதால் வேண்டாம் என்றேன். சுற்றிக் குழி வெட்டுவது பற்றியும் பேச்சு வந்தது. உரிமையாளர் சம்மதித்தால் தோப்பு மண்ணில் மண்வெட்டி அகலத்துக்கு மேல்பக்கம் மட்டும் ஒரு சிறு வாய்க்கால் இழுத்து, காலையில் மூடிவிடலாம். காட்டு நிலத்தில் அதைச் செய்யக் கூடாது. வெட்டிய இடத்தில் அடுத்த மழை மண்ணை அரித்துக்கொண்டு போகும். இந்தப் புல்மேட்டுக்கு அது தேவைப்படவில்லை.

இப்படிச் சுருக்கிய பிறகு உள்ளே காய்ந்த இடம் ஏழடி அகலம், பதினோரு அடி நீளம்தான் மிஞ்சியது. ஆறு பேர் படுக்க முடியாது. 12க்கு 15 அடித் தார்ப்பாயில் ஆறு பேர் என்பது வெயில்காலக் கணக்கு, மழைக்கு நான்கு பேர்தான். இரண்டு பேர் வேனில் படுத்தார்கள். அதற்கு முணுமுணுப்பு இருந்தது. பெரிய தார்ப்பாய் வாங்கும்வரை வேறு வழி இல்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு மழை வந்தது, முதல் மழையைவிடக் குறைவு. டப்பாவில் பதினைந்து மில்லிமீட்டர். நான்கு ஜமுக்காளமும் காய்ந்திருந்தன. திரிகளின் அடியில் மட்டும் மண் குழிந்திருந்தது. மேற்கு ஓரத்தில் படுத்தவரின் போர்வை நுனியில் தெறித்த ஈரம். தூக்கிவிட்ட ஓரத்தை அரை சாண் இறக்கினால் அது நிற்கும்.

தென்கிழக்கு மூலையில் ஒரு தொப்பை இந்த முறையும் விழுந்தது. தார்ப்பாயில் வளையங்கள் மூன்றடிக்கு ஒன்றாக இருப்பதால் நடுவில் இழுக்கப் பிடி இல்லை. அதற்கு வழி, கூழாங்கல் ஒன்றைத் தார்ப்பாயின் அடியில் வைத்து, தார்ப்பாயோடு சேர்த்து வெளிப்பக்கம் கல்லின் கழுத்துப் பகுதியில் சுருக்குப்போட்டு, அந்தக் கயிற்றை ஒரு முளைக்கு இழுப்பது. துளை போடாமலே ஒரு புதிய பிடி கிடைத்துவிடும். காலையில் ஒரு கல்லை வைத்துக் கட்டிப் பார்த்தோம். தொப்பையில் நின்ற தண்ணீர் முழுவதும் ஓரம் வழியாக இறங்கிப் புல்லுக்குள் போனது.